மவுஸ் பேடும் பனியனும் சொந்தக்காரர்கள்! தெரியுமா?

கம்ப்யூட்டரில் கேம் ஆடும் பிள்ளைகளின் மேசையில் ஒரு கறுப்பு விரிப்பு கிடக்குமே, அதன் மேல்பரப்பு எதனால் ஆனது தெரியுமா? ரப்பரா? பிளாஸ்டிக்கா? இரண்டும் இல்லை. துணி! அதிலும் பல பேடுகளில் இருப்பது நெய்த துணிகூட இல்லை. ஊசியால் கண்ணி கண்ணியாகப் பின்னிய நிட்டிங் துணி! திருப்பூர் பனியன் பிறக்கிற அதே வழியில் பிறந்தது. பனியனுக்குப் பருத்தி நூல், பேடுக்குப் பாலியஸ்டர் நூல், அடியில் ஒரு ரப்பர் தகடு. அவ்வளவுதான் வித்தியாசம்!

அப்படியானால், இந்தத் துணி எப்படி வழுக்கும், எத்தனை நாள் தாங்கும் என்று யாரிடம் கேட்க வேண்டும்? துணியைத் தேய்த்துப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஊரிடம்தானே! இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் திருப்பூரிலிருந்து போகிறது. 2024-25இல் அதன் மதிப்பு சுமார் 40,000 கோடி ரூபாய்! அந்தத் துணிகளின் மாதிரிகளைக் கப்பலேற்றும் முன் தேய்க்கிறார்கள், உருட்டுகிறார்கள், நனைக்கிறார்கள், செயற்கை வியர்வையில் ஊற வைக்கிறார்கள். ஆமாம், செயற்கை வியர்வை! அதற்கும் வருவோம்.

ஒரு நிமிடத்தில் 50 லட்சம்!

30 அங்குல விட்டம், 24 கேஜ் (அதாவது அங்குலத்துக்கு 24 ஊசி) வட்டப் பின்னல் மெஷின். அதற்குள் எத்தனை ஊசிகள் தெரியுமா? சுமார் 2,260! நூல் ஊட்டும் ஃபீடர்கள் 90 வரை! மெஷின் ஒரே ஒரு சுற்று சுற்றினால் 2 லட்சத்துக்கும் மேல் கண்ணிகள் விழும். நிமிடத்துக்கு 25 சுற்று ஓடினால்? 50 லட்சம் கண்ணிகள்! நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் லட்சக்கணக்கில் விழுந்திருக்கும்!

அந்த மெஷினில் ஓடும் முப்பதாம் நம்பர் நூலை ஒரு கிலோ எடுத்துப் பிரித்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்போம் தெரியுமா? திருப்பூரில் ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை கோயம்புத்தூருக்கே போய்விடும்! கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர்! 150 கிராம் டி-ஷர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு நடக்கிறீர்களா? உங்கள் உடம்பில் ஏழரை கிலோமீட்டர் நூல் இருக்கிறது!

45 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் என்பது கேமர்களிடம் பிரபலமான பேடு அளவு. முப்பதாம் நம்பர் நூலில், டி-ஷர்ட்டுக்குரிய சிங்கிள் ஜெர்சிப் பின்னலில் அந்த அளவுக்குத் துணி பின்னினால் எத்தனை கண்ணிகள் வரும்? ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம்! நூல் ஒன்றேகால் கிலோமீட்டர்! நேரம்? ஆறு வினாடிகூட இல்லை! பேடுக்கான பாலியஸ்டர் இன்னும் மெல்லிய இழை என்றால் கண்ணிகளின் எண்ணிக்கை இதையும் தாண்டும்.

மரத்தில் செய்த மவுஸ்!

உலகின் முதல் மவுஸ் மரப்பெட்டிக்குள் இருந்தது தெரியுமா? அமெரிக்காவின் டக்ளஸ் எங்கெல்பார்ட் யோசித்தார், பில் இங்கிலிஷ் 1964இல் செய்து கொடுத்தார். அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான்! 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அதை உலகுக்குக் காட்டினார் எங்கெல்பார்ட்.

பிறகு 1980களில் ஒளியால் இயங்கும் மவுஸ்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்குத் துணி பேடு ஆகவே ஆகாது! கட்டங்கள் அச்சிட்ட பளபளக்கும் உலோகத் தகடு வேண்டும். அந்தத் தகட்டைக் குறுக்காகத் திருப்பி வைத்தால் மவுஸ் தடுமாறிப் போகும்!

1999இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் வந்ததும் கதையே மாறியது. அது வினாடிக்கு 1,500 படங்கள் எடுத்தது! எதை? தன் வயிற்றுக்குக் கீழே இருக்கும் பரப்பை! அதாவது துணி பேடில் வைத்தால் நம் கண்ணிகளை! முந்தைய படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இழைகள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்துத்தான் திரையில் அம்புக்குறி நகர்கிறது. பின்னாளில் வந்த ஏ.டி.என்.எஸ்-3080 என்ற சென்சார் வினாடிக்கு 6,400 படங்கள் வரை எடுத்தது. ஒவ்வொரு படத்திலும் எத்தனை புள்ளிகள் தெரியுமா? அகலத்தில் 30, உயரத்தில் 30, மொத்தம் 900தான்! அந்த 900 புள்ளிகளை வைத்துக்கொண்டு இழையின் அசைவைக் கண்டுபிடித்துவிடுகிறது!

இன்றைய பிக்ஸ்ஆர்ட் 3395 சென்சாரோ, மவுஸ் வினாடிக்கு 650 அங்குலம் பறந்தாலும் விடாமல் பின்தொடரும். மணிக்கு எத்தனை கிலோமீட்டர்? 59! அவிநாசி ரோட்டில் போகும் வண்டி வேகம், ஒரு துணித்துண்டின் மேல்!

ஆடுபவரின் கை வினாடிக்குச் சராசரியாக வெறும் 10 சென்டிமீட்டர்தான் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் நாலு மணி நேரம் ஆடினால் ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோமீட்டர்! ஒரு வருடத்துக்கு 525 கிலோமீட்டர்! திருப்பூரிலிருந்து சென்னைக்குப் போய், அதற்கு மேலும் தூரம் மிச்சமிருக்கும்! அவ்வளவு தேய்ப்பையும் வாங்கிக்கொள்வது யார்? நம் நிட்டிங் துணி! விளையாட்டு என்று சும்மா விட்டுவிட முடியாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டு காட்சிப் போட்டியாக நடந்தது. இந்தியாவின் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். 2023இல் ஹாங்சோவில் அது பதக்கப் போட்டியாகவே ஆகிவிட்டது!

பல்லியே வழுக்கும் பொருள்!

மவுஸின் அடியில் வழவழப்பான வெள்ளைப் பட்டைகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? நம் வீட்டு நான்-ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே பொருள், பி.டி.எஃப்.இ! 1938 ஏப்ரல் 6 அன்று டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். குளிர்பதன வாயு தேடப் போய் உருளைக்குள் வெள்ளைப் பொடி கிடைத்தது! சுவர், கண்ணாடி, விட்டம் எல்லாவற்றிலும் ஒட்டி ஓடும் கெக்கோ வகைப் பல்லிகூட, உலர்ந்த பி.டி.எஃப்.இ. மேல் பிடி கிடைக்காமல் வழுக்கும்!

உராய்வை முதலில் அளந்து பார்த்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? மோனாலிசாவை வரைந்த லியோனார்டோ டா வின்சி! ஒரு பொருளை இழுக்க அதன் எடையில் கால் பங்கு விசை வேண்டும் என்று குறித்து வைத்தார். இன்றைய மொழியில் 0.25. இருநூறு ஆண்டுக்கு அப்புறம், 1699இல், பிரான்சின் அமோன்டோன் அதே விதிகளைத் தானே கண்டுபிடித்து வெளியிட்டார்.

உராய்வு ஒன்றல்ல, இரண்டு! நின்றிருக்கும் மவுஸைக் கிளப்ப ஒரு விசை, ஓடிக்கொண்டிருப்பதை ஓட்ட வேறொரு விசை. முதலாவது அதிகம் என்றால் மவுஸ் முதலில் முரண்டு பிடித்து, பிறகு சட்டென்று துள்ளும். குறி தப்பும்! கேமர்கள் ஸ்பீடு பேடு, கன்ட்ரோல் பேடு என்று பிரித்துப் பேசுவதெல்லாம் இந்த இரண்டு எண்களைப் பற்றித்தான்.

இன்னொரு விந்தை! ஒரே பேடு நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் வேறு மாதிரியும் வழுக்கலாம்! ஏன்? பின்னல் துணியில் கண்ணிகள் ஒரு திசையில் மேலே மேலே அடுக்கி நிற்கும், மறு திசையில் கைகோத்துப் படுத்திருக்கும். டி-ஷர்ட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், அகலத்தில் அதிகம் இளகும். கட்டிங் மாஸ்டர்கள் துணியின் திசை பார்க்காமல் கத்திரி வைக்கவே மாட்டார்கள்!

துணியின் வழவழப்பைத் தொட்டுப் பார்ப்பதற்கே ஒரு கருவி உண்டு தெரியுமா? ஜப்பானின் சுவேயோ கவாபாத்தா 1970களில் உருவாக்கினார். விரலுக்குப் பதிலாக அதில் என்ன வைத்தார்? பியானோ கம்பி! அரை மில்லிமீட்டர் தடிமன்! ஒரு துணியைப் பற்றி அவரது கருவிகள் 16 எண்களைச் சொல்லும். கடையில் நாம் துணியைத் தடவிப் பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதற்கு 16 எண்கள்!

எட்டு மணி நேரம் விடாத தேய்ப்பு!

சரி, தாங்குவதை எப்படிச் சோதிப்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த மெஷின் வருகிறது. பெயர் மார்ட்டிண்டேல்! இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கத்தில் 1942இல் ஜே.ஜி. மார்ட்டிண்டேல் உருவாக்கியது. உலகப்போர் நடுவே ஒருவர் உட்கார்ந்து துணி எப்படித் தேய்கிறது என்று யோசித்திருக்கிறார்!

வட்டமாக வெட்டிய துணித்துண்டு ஒன்றைக் கம்பளித் துணிமேல் அழுத்தித் தேய்க்கும் மெஷின் அது. முன்னும் பின்னுமாக அல்ல! வட்டமாகத் தொடங்கி, நீள்வட்டமாகி, நேர்கோடாகி, மறுபக்கம் திரும்பி மீண்டும் வட்டமாகும் ஒரு பாதை. காகிதத்தில் வரைந்து பார்த்தால் மார்கழி வாசலில் போட்ட சிக்குக் கோலம்தான்! 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் லிஸ்ஸாஜு ஆராய்ந்த வளைவு அது. 16 தேய்ப்புக்கு ஒரு கோலம் முடியும். ஏன் இந்தச் சுற்று வழி? எல்லாத் திசையிலிருந்தும் துணி அடிவாங்க வேண்டும் என்பதற்காக! கேம் ஆடுபவரின் கையும் ஒரே திசையில் போவதில்லையே!

வேகம் நிமிடத்துக்கு சுமார் 47.5 தேய்ப்பு. அழுத்தம் உடுத்தும் துணிக்கு 9 கிலோபாஸ்கல், சோபாத் துணிக்கு 12. எட்டு மணி நேர ஷிப்டில் 22,800 தேய்ப்பு! திருப்பூர்க் கணக்கில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் 34,200! தேய்க்கும் கம்பளித் துணியே 50,000 தேய்ப்பில் தளர்ந்துவிடும், அதை மாற்றிப் புதிது வைக்க வேண்டும்!

துணி எப்போது தோற்றதாக அர்த்தம் தெரியுமா? நெய்த துணி என்றால் இரண்டு நூல் அறும் வரை விடுவார்கள். நிட்டிங் துணிக்கு? ஒரே ஒரு நூல் அறுந்தால் போதும், சோதனை முடிந்தது! ஏன் இந்தக் கண்டிப்பு? பின்னலில் ஒரு கண்ணி விட்டால் அடுத்த கண்ணிக்குப் பிடிப்பு போய்விடும். ஓட்டை ஓட ஆரம்பித்துவிடும்!

சோதனைக்கு முன்னால் துணிக்கு ஓய்வு கொடுப்பார்கள் தெரியுமா? 20 டிகிரி வெப்பம், 65 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் பல மணி நேரம் சும்மா கிடக்க வேண்டும்! வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் லேபுக்குள் துணிக்கு ஏ.சி.! அப்படிக் கிடந்த பிறகு ஜி.எஸ்.எம். கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வெட்டி, தராசில் வைத்து, வந்த எடையை நூறால் பெருக்குவார்கள். 1.40 கிராம் வந்தால் 140 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 140 கிராம். திருப்பூரில் இந்தக் கணக்குத் தெரியாத மெர்ச்சண்டைசர் கிடையாது!

இதெல்லாம் இந்த ஊருக்கு எப்படி வந்தது? 1925இல் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்தான் இங்கே பின்னல் தொழிலின் ஆரம்பம் என்பார்கள். பல ஆண்டுகள் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன். 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வணிகர் வந்தார், ஏற்றுமதி பிறந்தது! பையர் வந்தால் அவர் நாட்டுச் சோதனை விதிகளும் கூடவே வருமே! இன்று மத்திய அரசின் ஜவுளிக் குழு இங்கே லேப் வைத்திருக்கிறது, எஸ்.ஜி.எஸ்., இன்டர்டெக் போன்ற உலகச் சோதனை நிறுவனங்களும் வைத்திருக்கின்றன. பக்கத்துக் கோவையில் 1956 முதல் சிட்ரா ஆராய்ச்சி நிலையம்!

வலிமையானதுதான் உருண்டை பிடிக்கும்!

பழைய பேடின் மேல் பொடிப்பொடியாக உருண்டைகள் பார்த்திருக்கிறீர்களா? இதற்கு லேபில் பில்லிங் என்று பெயர். துணி மட்டமானது, அதனால் உருண்டை பிடிக்கிறது என்றுதானே நினைக்கிறோம்? பாதிதான் சரி! பருத்தியிலும் உருண்டை வரும். ஆனால் அதன் இழை வலு குறைந்தது, தேயத் தேய அறுந்து உருண்டை உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் இழையோ எளிதில் அறாது! உருண்டையைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். வலிமைதான் அங்கே வில்லன்!

அதைச் சோதிக்க ஒரு பெட்டி உண்டு. உள்ளே முழுக்கக் கார்க் ஒட்டியிருக்கும். குழாய்மேல் துணியை மாட்டி உள்ளே போட்டு நிமிடத்துக்கு 60 முறை உருட்டுவார்கள். இரண்டு மணி நேரத்தில் 7,200 உருட்டல்! பிறகு மதிப்பெண்: 5 என்றால் புதுசு போல, 1 என்றால் பார்க்கவே சகிக்காது!

பருத்தியில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு மயிரை எடுக்கத் திருப்பூர் சாயப்பட்டறைகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பயோ வாஷ்! ஒரு நொதி அந்த மயிரைத் தின்றுவிடும்! அந்த நொதியைத் தரும் பூஞ்சை எங்கே கிடைத்தது தெரியுமா? இரண்டாம் உலகப்போரில், பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில்! அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் மர்மமாக மக்கி விழுந்தன. ஆராய்ந்தால் ஒரு பூஞ்சை! பின்னாளில் ஆய்வாளர் எல்வின் ரீஸ் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசை என்று அழைக்கப்பட்டது. கூடாரத்தைத் தின்ற பூஞ்சையின் வாரிசுகள் இன்று டி-ஷர்ட்டை வழவழப்பாக்குகின்றன! பாலியஸ்டர் பேடில் மட்டும் அதன் பல் இறங்காது.

லேபில் தயாராகும் வியர்வை!

வாக்குக் கொடுத்தேன் அல்லவா? இதோ! ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் உப்பு, அரை கிராம் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம், கொஞ்சம் பாஸ்பேட். செயற்கை வியர்வை தயார்! அதிலும் இரண்டு வகை: அமில வியர்வை, கார வியர்வை! துணியை அதில் ஊறவைத்து, அழுத்திப் பிடித்து, 37 டிகிரியில் நாலு மணி நேரம் வைப்பார்கள். 37 ஏன்? நம் உடம்பின் சூடு!

பேடுக்கு வியர்வை எவ்வளவு பெரிய எதிரி! பாலியஸ்டர் இழை தன் எடையில் 0.4 சதவீதம்தான் ஈரம் குடிக்கும், பருத்தி 8.5 சதவீதம், கம்பளி அதைப்போல இரண்டு மடங்கு! பாலியஸ்டர் குடிக்கவில்லை என்றால் உள்ளங்கை வியர்வை எங்கே போகும்? கண்ணிகளுக்கு நடுவே தேங்கும். தூசியும் தோல் எண்ணெயும் அதனோடு சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் பேடு இழுக்கிறது என்று கேமர்கள் சொல்வது கற்பனை அல்ல!

பேடின் ஓரத்தில் நெருக்கமாகத் தையல் ஓடுமே, அது நம் ஓவர்லாக் தையலின் வழிதான்! 1880களில் அமெரிக்காவின் மெர்ரோ நிறுவனத்தில் பிறந்த மெஷின் அது. இன்றைய ஓவர்லாக் நிமிடத்துக்கு 7,000 தையல் வரை போடும். வினாடிக்கு நூறுக்கும் மேல்!

பெட்டியில் ஏன் எழுதவில்லை?

சோபாத் துணி விற்பவர்கள் மார்ட்டிண்டேல் எண்ணைப் பெருமையாகப் போடுகிறார்கள். 20,000, 40,000 என்று! மவுஸ் பேடு பெட்டியில் என்ன இருக்கும்? நீளம், அகலம், தடிமன். தேய்ப்பு எண்ணைக் காண்பதே அரிது! ஒரு பேடுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் பிள்ளைக்கு அந்த எண் தெரிய வேண்டாமா? தெரிந்தே ஆக வேண்டும் என்பேன்.

ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பேடு ஓட்டை விழுந்து சாவதில்லை! அதற்கு வெகு முன்பே அதன் வழுக்கல் மாறிவிடுகிறது, அன்றே அது ஆட்டக்காரனுக்குச் செத்த பேடு. ஆகவே தேய்ப்பை மட்டும் எண்ணினால் போதாது. முதலில் உராய்வை அளக்க வேண்டும், 5,000 தேய்ப்பு கொடுத்து மறுபடி அளக்க வேண்டும், செயற்கை வியர்வையில் நனைத்து உலர்த்தி இன்னொரு முறை. கம்பளித் துணிக்குப் பதில் பி.டி.எஃப்.இ. பட்டையை வைத்துத் தேய்த்தால் இன்னும் பொருத்தம்! தேய்ப்புக்கும் வியர்வைக்கும் வேண்டிய சாமான்கள் துணி லேபில் தினமும் ஓடுபவை. உராய்வை அளக்கவோ, வீட்டிலிருக்கும் ஒரு பலகையே போதும்!

நம்ப முடியவில்லையா? செய்து பாருங்கள்! பேடைச் சுருக்கமில்லாமல் பலகையில் ஒட்டுங்கள். வயர் இல்லாத மவுஸை மேலே வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். மவுஸ் கிளம்பும் நொடியில் நிறுத்துங்கள். முனையின் உயரத்தை, பலகை மேசையில் அடைக்கும் கிடைநீளத்தால் வகுத்தால், அதுதான் நிலை உராய்வு எண்! 10 சென்டிமீட்டர் உயரம், 50 சென்டிமீட்டர் நீளம் என்றால் 0.2. மவுஸின் எடை 60 கிராமா, 120 கிராமா என்று கவலையே வேண்டாம். கணக்கில் எடை அடிபட்டுப் போகும்! துணி மெத்தென்று இருப்பதால் சிறு வித்தியாசம் வரலாம், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு ரகசியம்! பழைய பேடைச் சோதிக்கப் புதுப் பேடு வாங்கி ஒப்பிட வேண்டியதில்லை. கை அதிகம் போகாத மூலை, புதிதாக வந்த நாளில் இருந்த நிலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். நடுப்பகுதி தேய்ந்திருக்கும். இரண்டு இடத்திலும் மவுஸை வைத்து, நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என்று நாலு எண் எடுங்கள். உங்கள் பேடில் மூலைக்கும் நடுவுக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்தது?